தூக்கி வைத்த சக்கரம்

இன்ஜின் போட்ட அலறலில் நூறடி தள்ளி நெல் அறுத்துக்கொண்டிருந்த மிஷின்காரன்கூட மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். முத்துவேலின் மினி லாரி மறுபடியும் சேற்றில் இறங்கிவிட்டது.

ஏரி மதகை ஒட்டிப் போகும் பாட்டை அது. முழுக்கக் களிமண். பெய்ய வேண்டாத சித்திரை மழை மூன்று நாளாகப் பெய்திருந்தது. நவரைப் பட்டத்து நெல் பாதி அறுத்தும் பாதி சாய்ந்தும் கிடந்தது. மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக அந்தப் பாட்டையை விட்டால் வேறு வழி இல்லை.

வண்டியின் பின்பக்கத்து இடது சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றியது. வலது சக்கரம் கெட்டித் தரையில் அசையாமல் நின்றது, இந்தக் கூச்சலுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல.

"டேய் சின்னப்பையா! இன்னாடா வழி காட்டின? கண்ண எங்கடா வெச்சிகினு கீற?"

சின்னப்பையனுக்கு வயது நாற்பத்தாறு. கத்திய முத்துவேலுக்கு முப்பத்துநாலு. வண்டியும் அவனுடையது, ஓட்டுவதும் அவன்தான். வண்டிக்கு முன்னால் நடந்து, எங்கே கெட்டி, எங்கே சேறு என்று பார்த்துக் கைகாட்டுவது சின்னப்பையன் வேலை. மூட்டை ஏற்றும் ஐந்து பேரில் அவன்தான் பெரியவன்.

"வலது பக்கம் ஒடிங்கன்னு சொன்னேன் மொதலாளி. நீங்கதான் போன் பேசிகினு வந்தீங்க."

"எதுத்துப் பேசாத. தள்ளுங்கடா!"

ஐந்து பேரும் தோள் கொடுத்தார்கள். எண்பது மூட்டை. வண்டி ஒரு சாண் முன்னே போய் ஒரு முழம் பின்னே வந்தது.

"தள்ளினா ஆவாது. டயரு இடுக்கெல்லாம் சேறு அப்பிக்கீது. வழிக்கணும்" என்றான் சின்னப்பையன்.

அதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. பலகையைப் போட்டான். அதன்மேல் ஜாக்கியை வைத்தான். இறங்கிய இடது சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பும்வரை தூக்கினான். சக்கரத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்னால், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். கையில் ஒடிந்துபோன அரிவாள் துண்டு.

"கியர் போடுங்க மொதலாளி."

முத்துவேல் முதல் கியரைப் போட்டான். தூக்கிய சக்கரம் அந்தரத்தில் மெதுவாகச் சுற்றியது. ரெட்டை டயர் இடுக்கில் அரிவாளைக் கொடுத்துப் பிடித்தான் சின்னப்பையன். சேறு நீளநீளமாகக் கழன்று விழுந்தது. வண்டி இம்மி நகரவில்லை. ஒரு சக்கரத்தைத் தூக்கினால் அந்தச் சக்கரம் மட்டும்தான் சுற்றும், தரையில் இருப்பது சுற்றாது. பதினெட்டு வருசமாக அவன் இப்படித்தான் வழிக்கிறான். ஒரு தடவைகூட அவன் வைத்த ஜாக்கி நழுவியதில்லை. சாலவாக்கம் வரைக்கும் லாரிக்காரர்கள் அதைச் சொல்வார்கள்.

அடியில் வைக்கோலும் கல்லும் கொடுத்து இறக்கியதும் வண்டி ஏறிவிட்டது.

"சேத்துப்படி மொதலாளி" என்று இளித்தான் ஆல்பர்ட். ஆட்களில் வாய் நீண்டவன் அவன்.

வண்டி சேற்றில் இறங்கி, ஆட்கள் ஏற்றிவிட்டால், அன்றைய கூலிக்கு மேல் ஆளுக்கு ஒரு படிக்காசு. அதுதான் சேத்துப்படி. டீயும் பரோட்டாவும் தனி. யார் ஆரம்பித்த வழக்கமோ, எந்த லாரிக்காரனும் மறுத்ததில்லை. மறுத்தால் மறுநாள் ஆட்கள் மொத்தமாக வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். அறுப்புக் காலத்தில் வேறு ஆள் கிடைக்காது.

முத்துவேல் கொடுத்தான். வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

அவன் மனைவி வளர்மதி தட்டில் சுடுசோறு போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள்.

"இன்னிக்கும் எறங்கிச்சா?"

"எறங்கிச்சி."

"வாரத்துல நாலு நாளு எறங்குது. அவன் காட்டற பக்கமே எறங்குது. உனுக்கு ஒண்ணுமே தோணல?"

"இன்னா தோணணும்?"

"சேத்துப்படி வாங்கறவனையே வழி காட்டச் சொன்னா எங்க காட்டுவான்? நல்லா ஆழமா பாத்துதான் காட்டுவான்."

முத்துவேல் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் அவளைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் கொளம்பு ஊத்தட்டா?" என்றாள் அவள்.

மறுநாள் முதல் வேலையாக உத்திரமேரூருக்கு வண்டியை விட்டான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செந்தமிழனின் பட்டறை. செந்தமிழன் ஒரு கையில் வடையும் மறுகையில் ஸ்பேனருமாக வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான்.

"பின் ஆக்சிலு கிரவுன்ல ஒண்ணும் ரிப்பேர் இல்லியே. நல்லாதானே கீது."

"நல்லா கீது, ஆனா ஒரு வீலு சுத்துது, இன்னொரு வீலு வேடிக்க பாக்குது. எனுக்கு ரெண்டும் சுத்தணும்."

செந்தமிழன் சிரித்தான். "அது ரிப்பேர் இல்ல நைனா, அதோட கொணமே அதான். வண்டி வளைவுல திரும்பும்போது வெளிப்பக்கத்து வீலு நெறைய ஓடணும், உள்பக்கத்து வீலு கம்மியா ஓடணும். ரெண்டையும் தனித்தனி வேகத்துல உடறதுக்குத்தான் ஆக்சிலுக்கு நடுவுல இந்தக் கூடு. ஆனா அதுக்கு ஒரு கெட்ட புத்தி. எந்த வீலு சொம்மா சுலுவா சுத்துதோ, அதுக்கே எல்லாத்தையும் குடுத்துடும்."

"எம் மாமனாரு மாரி. உருப்படாத மச்சானுக்கே எல்லாம்."

"அதே கததான். மாத்தணும்னா மூணு வழி கீது. மொதோ வழி வெல்டு. உள்ள கீற சின்னப் பல்லுச் சக்கரத்த எல்லாம் ஒண்ணா சேத்து வெல்டு வெச்சிடறது. ரெண்டு வீலும் ஒண்ணாதான் சுத்தும். செலவே இல்ல. ஆனா ரோட்டுல திரும்பாது. வளைவுல ஸ்டீரிங்க ஒடிச்சா நேரா பொட்டிக் கடைக்குள்ள பூந்துடுவ. டயரு ஒரு மாசத்துல மொட்ட."

"அது வாணாம். அடுத்தது?"

"லிமிடெட் ஸ்லிப்னு வேற கூடு. அதுல ரெண்டு தினுசு கீது. ஒண்ணு பல்லு வெச்சது. உள்ள சாய்வா வெட்டின பல்லு. தேயாது, சத்தம் வராது, வண்டி ஆயுசுக்கும் ஓடும். ஒரு வீலு வழுக்கினா பிடிப்பு கீற வீலுக்குத் தள்ளிவுடும். ஆனா அந்த வழுக்கற வீலு கொஞ்சமாவது மண்ணத் தொடணும். சுத்தமா அந்தரத்துல தொங்கிச்சின்னா கைய விரிச்சிடும்."

"மதகாண்ட பாதி நேரம் ஒரு வீலு அந்தரத்துலதான் தொங்குது."

"அப்போ இன்னொரு தினுசு, பிளேட்டு வெச்சது. கிளச் பிளேட்டு மாரி அடுக்கடுக்கா வெச்சி ஸ்பிரிங் போட்டு இறுக்கியிருக்கும். ஒரு வீலு ஆகாசத்துல கெடந்தாலும் இன்னொண்ண சும்மா உடாது, இஸ்துகினே இருக்கும்."

"அது! அத்தப் போடு."

"அவசரப்படாத. பிளேட்டு தேயும். நாலு வருசத்துல மாத்தணும். பல்லு வெச்சதுதான் உனுக்கு நிம்மதின்னு நான் சொல்லுவேன்."

"எனுக்கு நிம்மதி வாணாம், வண்டி ஏறணும். அந்தரத்துல கெடந்தாலும் இஸ்துகினு போவும்னு சொன்னியே, அதான்."

செந்தமிழன் வடையைக் காகிதத்தில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். "சரி. மூணு விசயம் சொல்றேன், காதுல வாங்கிக்க. இதுக்குன்னு தனி ஆயிலு கீது, அத்ததான் ஊத்தணும். ரெண்டு பக்கத்து டயரும் ஒரே தேய்மானமா இருக்கணும். மூணாவதுதான் முக்கியம். ஒரு வீல தூக்கி வெச்சிட்டு கியர் போடவே கூடாது. பழசுல தூக்கின வீலு மட்டும் சுத்தும். இதுல கீழ கீற வீலு வண்டிய இஸ்துகினு ஜாக்கிய உட்டு எகிறிடும். லோடு ஏத்தற ஆளுங்களுக்கு மொத நாளே சொல்லிடு. அவுங்கதான் வீலாண்ட ஒக்காந்து சேறு வழிக்கிறவுங்க."

"சொல்லிடறேன். ஆமா, இது எத்தினி ஆளு வேல செய்யும்?"

"அஞ்சாறு ஆளு தள்ற வேலைய செஞ்சிடும்."

"சோறு கேக்குமா?"

"ஆயிலுதான் கேக்கும்."

"சேத்துப்படி?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் முத்துவேல் குரலைத் தாழ்த்தினான்.

"இத்த மாட்டினது உனுக்கும் எனுக்கும் தெரிஞ்சா போதும். யாரு கேட்டாலும் பேரிங் மாத்தினோம்னு சொல்லு. இனிமே சேத்துப்படி கெடையாதுன்னு தெரிஞ்சா நடு அறுப்புல வெங்கடேசன் லாரிக்கு ஓடிடுவானுங்க. போகம் முடியட்டும். அப்பால சொல்லிக்கலாம்."

"அந்த ஜாக்கி விசயம்?"

"நான்தானே ஓட்டறேன்? நான் கியர் போடலன்னா வேற யாரு போடப்போறா?"

செந்தமிழன் கொஞ்சம் யோசித்தான். பிறகு வடையை எடுத்துக் கடித்தான்.

சென்னையிலிருந்து சாமான் வர ஒரு நாள், மாட்ட ஒரு நாள். மூன்றாம் நாள் வண்டி பாட்டைக்கு வந்தது. பேரிங் மாற்றியதாக ஆட்களிடம் சொன்னான் முத்துவேல்.

எட்டு நாள் வண்டி இறங்கவே இல்லை. இடது பக்கம் வழுக்கினால் வலது பக்கம் பிடித்துக்கொண்டது. மதகு ஓரத்துப் பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்க, மறு சக்கரம் மொத்த வண்டியையும் இழுத்து மேலே போட்டது. சின்னப்பையனுக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. வண்டிக்கு முன்னால் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தான்.

"இப்பதான் மொதலாளி நான் காட்டற பக்கம் ஒயுங்கா வராரு" என்று ஆட்களிடம் சொன்னான்.

"நீ நல்லா வழி காட்டி எங்க வயித்துல அடிக்கிற மாமா" என்றான் ஆல்பர்ட். "எட்டு நாளா பரோட்டா கண்ணுல படல. ஒரு தபா சேத்த காட்டேன், உன் கையி கொறஞ்சா பூடும்?"

"த்தூ. அந்தப் பொயப்பு எனுக்கு வாணாம்."

முத்துவேல் கேபினிலிருந்து தலையை நீட்டினான். "டேய் சின்னப்பையா, நல்லாதான்டா வழி காட்டற. இத்தினி வருசமா இத்த எங்கடா ஒளிச்சி வெச்சிருந்த?"

சின்னப்பையன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். முத்துவேலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிரவு வளர்மதியிடம் அப்படியே நடித்துக் காட்டினான்.

ஒன்பதாம் நாள் மதியம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியில் எண்பது மூட்டை. தார்ப்பாய் கிழிசல். நெல் நனைந்தால் ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள். முத்துவேல் வேகமாக விட்டான். மதகு கசிகிற இடத்தில் பாட்டையின் இரண்டு பக்கமும் கூழாகக் கிடந்தது. இரண்டு சக்கரமும் ஒன்றாகப் புதைந்தன. வலது பக்கம் கொஞ்சம் புல் இருந்தது, இடது பக்கம் அச்சு வரைக்கும் போய்விட்டது.

சின்னப்பையன் யாரும் சொல்லாமலே பலகையைப் போட்டான். ஜாக்கியை வைத்தான். தூக்கினான். காலை நீட்டி உட்கார்ந்தான்.

"கியர் போடுங்க மொதலாளி!"

முத்துவேலின் கை கியர் குமிழில் இருந்தது. செந்தமிழன் சொன்னது நினைவுக்கு வந்தது, வடை வாசனையோடு வந்தது. வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பான். என்ன சொல்வது? எட்டு நாள் சிரித்த சிரிப்பை எல்லாம் இப்போது பிரித்துச் சொல்ல வேண்டும்.

கண்ணாடியில் முதல் தூறல் பொட்டு விழுந்தது.

"மொதலாளி! மய வருது! போடுங்க!"

கிளச்சைப் பாதி மிதியில் வைத்து மெதுவாக விட்டால் ஒன்றும் ஆகாது என்று முத்துவேல் நினைத்தான். போட்டான்.

வண்டி ஒரு முறை உதறிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. ஜாக்கி பின்னால் பறந்தது. எண்பது மூட்டையோடு ரெட்டை டயர் சின்னப்பையனின் இடது முழங்காலுக்குக் கீழே இறங்கியது.

அவன் உடனே கத்தவில்லை. வண்டிக்கு அடியில், எதிர்ப்பக்கத்தைத்தான் பார்த்தான். வலது சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அவனுக்குக் குரல் வந்தது.

"மூட்டைய எறக்குங்கடா! பாரம் கொறஞ்சாதான் தூக்க முடியும்!" என்று ஆல்பர்ட் வண்டிமேல் ஏறினான். முதல் மூட்டையைத் தூக்கிச் சேற்றில் எறியப் போனான்.

முத்துவேல் கேபினிலிருந்து குதித்து ஓடிவந்தான். "டேய் டேய்! கீழ போடாத, நனஞ்சிடும்! மொதல்ல தார்ப்பாய விரிங்கடா!"

விரித்தார்கள். அதன்மேல் அடுக்கினார்கள். எண்பது மூட்டையும் இறங்கும்வரை சின்னப்பையன் ஆல்பர்ட்டின் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு முன்பே ஒரு பேச்சு ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது. ரேஷன் கடை வரிசையில் வளர்மதிதான் முதலில் சொன்னாள். "காலைலயே ஊத்திகினு வந்தா ஜாக்கி எப்பிடி நேரா நிக்கும்?"

மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து ஏழு வருசமாகச் சின்னப்பையன் குடிப்பதில்லை. ஆனால் வளர்மதி சொன்னதை நம்புவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. அவன் தெருவிலேயே பாதிப் பேர் நம்பினார்கள். அவன் மனைவி செங்கேணி அரிசிப் பையோடு போகும்போது பேச்சு நின்று, அவள் கடந்ததும் தொடர்ந்தது.

ஒரு சாயங்காலம் முத்துவேல் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். செங்கேணி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"இன்னாடா, எப்பிடி கீற?"

"கீறேன் மொதலாளி."

"பதினெட்டு வருசமா நழுவாத ஜாக்கி அன்னிக்கிப் பாத்து நழுவணுமா? உன் நேரம்டா."

"பலக வெச்சேன் மொதலாளி. நேராதான் வெச்சேன்."

"நேரா வெச்சா ஏன்டா நழுவுது?"

சின்னப்பையன் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தான். "வண்டில எதுனா மாத்தினீங்களா?"

"பேரிங் மாத்தினேன்னுதான் சொன்னேனே." முத்துவேல் ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துத் தானே தின்றான். "போலீசாண்ட நீ குடிச்சிருந்தன்னு நான் வாயத் தொறக்கல. தெரியும்ல?"

"நான் குடிக்கல மொதலாளி."

"அத்ததான்டா நானும் சொல்றேன். வாயத் தொறக்கல." தோலைக் கட்டிலுக்குக் கீழே போட்டான். "செங்கேணி வேணா நாளையிலேர்ந்து வரட்டும். மூட்ட தூக்க வாணாம். வழி காட்டட்டும், கல்லு போடட்டும். பொம்பள ஆளு, பாதிக் கூலிதான் வரும். உனுக்காவதான் குடுக்கறேன்."

"நல்லா இருங்க மொதலாளி" என்றாள் செங்கேணி. சொல்லாமல் இருக்க முடியாது.

அவன் போனதும் சின்னப்பையன் கூப்பிட்டான். "செங்கேணி, இங்க வா. ஒண்ணு சொல்றேன். யாராண்டயும் சொல்லாத."

அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"ஜாக்கி நழுவினா வண்டி எப்பிடி வுயும்? பக்கவாட்டுல வுயும். இது முன்னாடி பாஞ்சிது. ஜாக்கி எட்டடி பின்னாடி கெடந்திச்சின்றான் ஆல்பர்ட். நழுவின ஜாக்கி எட்டடி போவுமா?"

"எனுக்கு இன்னாயா தெரியும்?"

"அந்தப் பக்கத்து வீலு சுத்திச்சி, செங்கேணி. நான் பாத்தேன். இடது பக்கம் தூக்கினா வலது பக்கம் சுத்தாது. சுத்தவே சுத்தாது. வண்டில இன்னாவோ மாத்திக்கீறான். எட்டு நாளா எறங்காத வண்டி. என் வழின்னு நெனச்சிகினு இருந்தேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "மெக்கானிக்காண்ட ஆல்பர்ட்ட அனுப்பிச்சேன். பேரிங்குன்னானாம். மூஞ்சப் பாக்காம சொன்னானாம்."

"சரி, மாத்தியிருக்கட்டும். காலு வந்துடுமா?"

"அது வராது. தெரிஞ்சி கியர் போட்டானா, தெரியாம போட்டானான்னு எனுக்குத் தெரியணும். இருவது நாளா அதான் தூக்கம் இல்ல. கேட்டா சொல்ல மாட்டான். நீதான் பாத்துச் சொல்லணும்."

"நானா?"

"நாளைக்கி மதகாண்ட இடது பக்கம் காட்டு. அங்க கசிவு நிக்கவே நிக்காது, ரெண்டு வீலும் எறங்கிடும். பதினெட்டு வருசத்துல ஒரு தபாகூட நான் வேணும்னு எறக்கினது இல்ல. நாளைக்கி நீ எறக்கு. பலகயப் போட்டு ஜாக்கி வெய்யி. தூக்கு. நான் ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்து கால நீட்டு. கியர் போடுங்கன்னு சொல்லு. போட்டான்னா, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. என் தப்புதான்னு நான் ஒத்துக்கறேன். போடலன்னா, தெரியும். அன்னிக்கும் தெரியும்."

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. செங்கேணி எழவில்லை.

"போட்டான்னா?"

"அதான் சொன்னேனே, அவனுக்குத் தெரியாதுன்னு..."

"நான் அத்தக் கேக்கல. போட்டான்னா என் காலு?"

சின்னப்பையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "கியர் வுயற சத்தம் கேக்கும். கேட்டதும் இஸ்துக்கோ" என்றான்.

"நீ இஸ்துகினியா?"

அவள் போய்க் கஞ்சியை வடித்தாள்.

காலையில் எழுந்து அவனுக்குக் கஞ்சி வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூலையில் கிடந்த ஒடிந்த அரிவாள் துண்டை எடுத்துக்கொண்டாள். ஆல்பர்ட்டிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். அவன் தன் போனில் சின்னப்பையன் நம்பரைக் கூப்பிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பிந்தி நட்ட வயல்களின் நெல் அன்றைக்கு. எழுபது மூட்டை ஏறியது. செங்கேணி வண்டிக்கு முன்னால் நடந்தாள். மதகருகே வந்ததும் இடது பக்கம் கையைக் காட்டினாள். வண்டி திரும்பி, ஒரு முறை குலுங்கி, இரண்டு சக்கரமும் கூழில் உட்கார்ந்தன.

"தூ! பொம்பளைய நம்பி வண்டிய உட்டேன் பாரு!" என்று ஸ்டீரிங்கை அடித்தான் முத்துவேல். "புருசன் ஒரு காலோட போனான், நீ மொத்த வண்டிய முழுங்கிட்டுப் போவியா? தள்ளுங்கடா!"

"தள்ளினா ஆவாது மொதலாளி. டயருல சேறு அப்பிக்கீது" என்றாள் செங்கேணி. புருசன் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடமாகியிருந்த வார்த்தைகள். "வழிக்கணும்."

பலகையை அவளே போட்டாள். ஜாக்கியின் தண்டை மிதித்து மிதித்து ஏற்றினாள். இடது சக்கரம் தரையை விட்டது. சேற்றில் உட்கார்ந்து காலை நீட்டினாள். ஆல்பர்ட் எட்டடி தள்ளி, போன் இருந்த பையைக் கையால் பொத்தாமல் நின்றான். மற்ற மூன்று பேரும் வைக்கோலும் கல்லும் பொறுக்கிவந்து நின்றார்கள்.

"கியர் போடுங்க மொதலாளி."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கியர் விழவில்லை. பக்கக் கண்ணாடியில் முத்துவேலுக்கு அவளுடைய கால் தெரிந்தது. சேறு படிந்த பாதம், இரண்டாம் விரலில் மெட்டி.

"நீ எய்ந்திரு. தள்ளிக்கலாம்."

"எதுக்கு மொதலாளி? அவுரு எப்பவும் இப்பிடித்தானே வழிப்பாரு."

"வாணாம்ன்றேன்ல? ஜாக்கி சரியா நிக்கல."

"நேராதான் வெச்சிக்கீறேன். வந்து பாருங்க. நான் குடிக்கல."

ஆட்களில் ஒருவன் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான்.

"எய்ந்திருன்னா எய்ந்திரு! சேத்துப்படி தரேன், எல்லாருக்கும் தரேன்! தள்ளுங்கடா!"

"படி வாணாம். போடுங்க." அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். கணுக்கால் இப்போது டயருக்கு நேர் கீழே இருந்தது. அரிவாள் துண்டால் டயரைத் தட்டினாள். "போடுங்க மொதலாளி! அன்னிக்கிப் போட்டீங்கல்ல? இன்னிக்கும் போடுங்க!"

முத்துவேல் சாவியைத் திருகினான். இன்ஜின் செத்தது. மதகில் நீர் கசிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் கதவைத் திறந்து பாதி இறங்கி, ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி கத்தினான்.

"ஏய், கால எடுடி! ஒரு வீல தூக்கி வெச்சிட்டு இந்த வண்டிக்கி கியர் போடவே கூடாது!"